யோசெமிட்டி ஆச்சு, வேகாஸ் ஆச்சு. அப்பா அம்மாவை இனி எங்கே கூட்டிப்போவது?

பாதசாரி · ஆகஸ்ட் 4, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவும் அம்மாவும் செப்டம்பரில் மூன்றாவது முறையாக வருகிறார்கள். முதல் தடவை நயாகரா, நியூயார்க், வாஷிங்டன். இரண்டாவது தடவை யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன், லாஸ் வேகாஸ். வேகாஸில் அப்பா ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. "இத்தனை விளக்குக்கும் கரண்டு எங்கேயிருந்து வருது?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் ஹூவர் அணைக்குக் கூட்டிப்போனேன். அந்தப் பயணத்தில் அவர் முகம் மலர்ந்தது அங்கே மட்டும்தான்.

அப்பா முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவர். அம்மாவுக்கு மலை, மரம், தண்ணீர் இருந்தால் போதும். ஆனால் முழங்கால் வலி. சமதரையில் அரை மைல் நடப்பார், அதற்கு மேல் முடியாது. நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில், மில்பிடாஸ். ஐந்து நாள் லீவு, காரில் போகிற தூரம். கூட்டம் கூடாது, கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும், அப்பாவுக்கு மெல்ல ஒரு கதையும் வேண்டும். இணையத்தில் "யாரும் அறியாத 10 இடங்கள்" என்று தேடினால் எல்லாத் தளத்திலும் அதே பத்து. போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சுண்டல் · ஆகஸ்ட் 4, இரவு 11.15

லேக் டாஹோ. படகில் ஒரு சுற்று, நல்ல ஓட்டல், முடிந்தது. வயதானவர்களை வைத்துக்கொண்டு பரிசோதனை எல்லாம் வேண்டாம் பாஸ்.

ஒத்தையடி · ஆகஸ்ட் 5, காலை 7.20

டாஹோவில் கோடை வார இறுதிக்குக் கார் நிறுத்த இடம் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள் சுண்டல்.

பாதசாரி, ஆல்புகர்க்கிக்கு விமானத்தில் வர முடியுமா? வந்தால் நியூ மெக்ஸிகோவில் ஐந்து நாளும் போதாது. முதலில் எல் மோரோ. பாலைவனத்தின் நடுவே கப்பல் மாதிரி நிற்கும் ஒரு மணற்பாறை. அதன் அடியில் ஒரு குளம். ஊற்று இல்லை, மழையும் பனியும் பாறையில் வழிந்து தேங்குவதுதான். சுற்று வட்டாரத்தில் நம்பித் தண்ணீர் குடிக்க அந்த ஒரே இடம் என்பதால் வந்தவர்கள் எல்லாம் அங்கே தங்கினார்கள். தங்கியவர்கள் பாறையில் பேர் செதுக்கினார்கள். பாறை ஓவியமும் எழுத்துமாக 2,000-க்கு மேல். ஸ்பானியர் ஹுவான் தே ஒன்யாத்தே 1605-ல் "இவ்வழியாகச் சென்றான்" என்று செதுக்கியது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பில்கிரிம் என்று சொல்கிற ஆங்கிலேயக் குடியேறிகள் பிளிமத்தில் கரையேறியது அதற்குப் பிறகு, 1620-ல்தான். 1857-ல் அமெரிக்க ராணுவம் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு இதே வழியாகப் போனது. ஆமாம், ஒட்டகம்தான். பாலைவனத்தில் சுமை தூக்கச் சரிப்படுமா என்று இறக்குமதி செய்து பார்த்தார்கள்.

நம்மவர்கள் கோட்டைச் சுவரில் பேர் எழுதினால் திட்டுகிறோம். இங்கே எழுதியதற்கே 1906-ல் தேசிய நினைவிட அந்தஸ்து கொடுத்தார்கள். நாம் எழுதினால் மட்டும் அபராதம்!

அதே ஒன்யாத்தேயின் ஆட்கள் 1599-ல் ஆக்கோமா என்ற பூர்வகுடிகளின் குன்றின் மேல் ஊரை அழித்துப் பல நூறு பேரைக் கொன்றார்கள். பிடிபட்ட ஆண்களில் 25 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு பாதத்தை வெட்டத் தண்டனை விதித்தான். ஆக்கோமாவில் இன்றும் அந்த மக்களே இருக்கிறார்கள். அவர்கள் வழிகாட்டியோடு மட்டுமே மேலே போக முடியும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். அந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும் என்பேன்: முதலில் ஊர், அப்புறம் அவன் கையெழுத்து.

சாக்கோ கேன்யன் பற்றி எழுதினால் நிறுத்த மாட்டேன். 600 அறைக்கு மேல் உள்ள ஒரே கட்டடம், ஏறத்தாழ 850-லிருந்து 1150 வரை வாழ்ந்த ஊர், உத்தரத்துக்கு மரம் ஐம்பது மைல் தள்ளியிருந்து தோளில் வந்தது. ஆனால் கடைசி 13 மைல் மண் ரோடு. அம்மாவின் முழங்காலுக்கு முன்னால் இடுப்பு போய்விடும்.

மொட்டைமாடி · ஆகஸ்ட் 5, பகல் 12.05

கிழக்குக் கரையை யாரும் சொல்ல மாட்டீர்களே! வாஷிங்டன் வரை வந்தார்கள் என்றீர்கள், அங்கிருந்து ரயிலிலேயே போகக்கூடிய தூரத்தில் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி இருக்கிறது. போடோமாக், ஷெனன்டோவா ஆறுகள் கூடுகிற மூக்கில் ஒரு சின்ன ஊர். பிற்பாடு ஜனாதிபதியான ஜெஃபர்சன் இந்தக் காட்சிக்காகவே அட்லாண்டிக்கைத் தாண்டி வரலாம் என்று எழுதினார். அவர் நின்று பார்த்த பாறைக்கு இன்றும் அவர் பேர்.

1859 அக்டோபரில் ஜான் பிரவுன் 21 பேரை வைத்துக்கொண்டு அங்கிருந்த அரசாங்க ஆயுதச்சாலையைப் பிடித்தார். அடிமைகளுக்கு ஆயுதம் கொடுத்துப் பெரிய கிளர்ச்சி செய்வதுதான் திட்டம். முதலில் செத்தது யார் தெரியுமா? ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கிய ஹேவர்ட் ஷெப்பர்ட், கறுப்பினத்தவர், அடிமையும் அல்ல. பிரவுனை அடக்க வந்த படைக்குத் தலைவர் ராபர்ட் லீ. இரண்டு வருடம் கழித்து அவரே அரசாங்கத்துக்கு எதிராகப் படை நடத்தினார். அந்த ஊரில் நிற்கும்போது உள்நாட்டுப் போர் முழுவதும் ஒரு தெருவுக்குள் சுருங்கின மாதிரி இருக்கும்.

பிரவுன் கதவடைத்துக்கொண்ட தீயணைப்பு வண்டிக் கொட்டகையைப் பிரித்து 1893 சிகாகோ கண்காட்சிக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். திரும்பக் கொண்டுவந்து, மறுபடி இடம் மாற்றி, இப்போது பழைய இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. கட்டடத்துக்கே இத்தனை அலைச்சல்.

பாதசாரி · ஆகஸ்ட் 5, இரவு 9.30

ஒத்தையடி, மொட்டைமாடி, இருவருக்கும் நன்றி. அப்பாவிடம் போனில் ஒட்டகக் கதை சொன்னேன், "உண்மையாவா?" என்று மூன்று தடவை கேட்டார். ஆனால் இப்போதுதான் அத்தனை தூரம் பறந்து வருகிறார்கள். மறுபடி விமானம் என்றால் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். கார்தான்.

கேணிக்கரை · ஆகஸ்ட் 6, காலை 6.10

தம்பி, கார் என்றால் 395-ஆம் நெடுஞ்சாலை. வேறு பேச்சே இல்லை.

யோசெமிட்டிக்குப் போகிற எல்லோரும் சியாரா நெவாடா மலைத்தொடரின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். டியோகா கணவாயைத் தாண்டி மறுபக்கம் இறங்குகிறவர்கள் குறைவு. மேற்கே மலை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். கிழக்கே சுவர் மாதிரி நிற்கும். 4,000 அடியில் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் நின்று அண்ணாந்தால் 14,505 அடி விட்னி சிகரம், நடுவில் குட்டி மலை எதுவும் மறைக்காது. அந்தச் சுவரின் அடியோடு போகிற சாலை 395. அம்மா காரை விட்டு இறங்காமலே பாதியைப் பார்த்துவிடலாம்.

வடக்கிலிருந்து வாருங்கள். முதலில் மோனோ ஏரி. தண்ணீருக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கோபுரங்கள் நிற்கும். ஏரியடியில் சுண்ணாம்புச் சத்துள்ள ஊற்று, கடலைவிட இரண்டு மடங்குக்கு மேல் உப்பான ஏரித் தண்ணீரில் கலக்கும்போது கட்டியாகிற கல் அது. தண்ணீருக்கு அடியில்தான் வளரும். அப்படியானால் அது எப்படி வெளியே நிற்கிறது? 1941-லிருந்து லாஸ் ஏஞ்சலஸ் நகரம் இந்த ஏரிக்கு வரும் ஓடைகளைத் திருப்பிக் கொண்டுபோனது. நாற்பது வருடத்தில் ஏரி 45 அடி இறங்கியது. நாம் அழகு என்று போட்டோ எடுப்பது ஏரி வற்றியதன் தடயத்தை. 1978-ல் கொஞ்சம் பேர் சேர்ந்து ஏரிக்காக ஒரு குழு தொடங்கினார்கள், வழக்குப் போட்டார்கள். 1994-ல் ஏரி மட்டம் 6,392 அடிக்கு ஏற வேண்டும், அதுவரை நகரம் எடுப்பதைக் குறைக்க வேண்டும் என்று மாநில நீர் வாரியம் உத்தரவு போட்டது. அந்த மட்டத்தை ஏரி இன்னும் எட்டவில்லை.

அப்புறம் பாடி. பிணம் இல்லை, ஊர்ப் பேர்! 1859-ல் தங்கம் கண்டுபிடித்த பாடி என்பவர் அதே குளிர்காலம் பனிப்புயலில் செத்தார். பேர் மட்டும் மிஞ்சியது. 1880 வாக்கில் ஏறத்தாழ 8,000 பேர் இருந்த ஊர். இப்போது குடி யாரும் இல்லை. நூற்றுச் சொச்சம் மரவீடுகள் அப்படியே நிற்கின்றன. 1962-ல் மாநிலப் பூங்காவாக எடுத்தபோது ஒரு முடிவு செய்தார்கள்: புதுப்பிக்கக் கூடாது, விழவும் விடக் கூடாது. கூரை ஒழுகினால் அடைப்பார்கள், சாய்ந்த சுவருக்கு முட்டுக் கொடுப்பார்கள், பெயின்ட் அடிக்க மாட்டார்கள்.

பிஷப் ஊருக்கு அருகே வெள்ளை மலையில் பிரிசில்கோன் பைன் மரங்கள். ஒரு மரத்துக்கு 4,800 வயதுக்கு மேல். எந்த மரம் என்று வனத்துறை காட்டித்தர மாட்டார்கள். காட்டினால் ஆளுக்கொரு சிராய் உரித்துவிடுவோம். 10,000 அடி உயரம், மூச்சு வாங்கும், மெதுவாகப் போங்கள்.

கடைசியில் மான்ஸனார். அது பற்றித் தனியாக எழுதுகிறேன், வேலைக்கு நேரமாகிவிட்டது.

சுண்டல் · ஆகஸ்ட் 6, காலை 9.45

மான்ஸனார் எனக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரை அடைத்துவைத்த முகாம்தானே? அம்மாவுக்கு மலையும் மரமும் வேண்டும் என்றுதான் அவர் கேட்டார், முள்வேலியைக் காட்டச் சொல்லவில்லை. வருடத்தில் ஒரு தடவை லீவு எடுத்துப் போகிறோம், அங்கேயும் மனசைக் கனமாக்கிக்கொள்ள வேண்டுமா? சுற்றுலா என்பது சுற்றுலாவாக இருக்கட்டும்.

கேணிக்கரை · ஆகஸ்ட் 6, மாலை 7.30

சுண்டல் கேட்பது நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளும்.

மான்ஸனார் என்றால் ஸ்பானிஷில் ஆப்பிள் தோப்பு. 1942 பிப்ரவரி 19-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066 என்ற உத்தரவில் கையெழுத்துப் போட்டார். மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் வீட்டையும் கடையையும் விட்டுக் கையில் தூக்க முடிந்ததோடு கிளம்ப வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 1,20,000 பேர். மூன்றில் இரண்டு பங்கு இங்கேயே பிறந்த குடிமக்கள். பத்து முகாம்களில் ஒன்று மான்ஸனார். உச்சத்தில் 10,000-க்கும் மேற்பட்டோர், 504 தார்த்தாள் போர்த்திய பலகைக் கொட்டகைகள், எட்டு காவல் கோபுரம். 1945 நவம்பரில்தான் மூடினார்கள். 1988-ல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்தது.

அதற்கு முந்தைய கதையைப் பாருங்கள். ஆப்பிள் தோப்பு என்று பேர் வரக் காரணம், 1910-லிருந்து அங்கே உண்மையிலேயே தோப்புகள் வைத்த ஒரு விவசாயக் கிராமம் இருந்தது. 1913 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸுக்கு 233 மைல் கால்வாய் திறந்தாகிவிட்டது. பம்பு கிடையாது, முழுக்கச் சரிவிலேயே ஓடும். கட்டிய பொறியாளர் முல்ஹாலண்ட் மதகு திறந்ததும் "இதோ இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அவ்வளவுதான் திறப்புவிழா உரை. அப்புறம் நகரம் தண்ணீர் உரிமைக்காக நிலமாக வாங்கிக்கொண்டே வந்தது. 1920-களில் மான்ஸனாரும் போனது, தோப்புக்காரர்கள் கிளம்பினார்கள். 1924-ல் பள்ளத்தாக்கு ஜனங்கள் கால்வாயின் அலபாமா மதகைப் பிடித்துத் திறந்துவிட்டு நான்கு நாள் உட்கார்ந்தார்கள். கால்வாய்க்கு டைனமைட்டும் வைத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நீராவிப் படகு ஓடிய ஓவன்ஸ் ஏரி 1926-க்குள் வறண்டு புழுதிக்காடாகிவிட்டது.

அதற்கும் முன்னால்? அந்த மண்ணின் பூர்வகுடிகளான பையூட் மக்கள் ஓடைகளில் வாய்க்கால் வெட்டிக் காட்டுக் கிழங்குக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்கள். 1863-ல் ராணுவம் அவர்களில் ஏறத்தாழ ஆயிரம் பேரை நடத்தியே டெஹோன் கோட்டைக்கு ஓட்டிப்போனது.

ஒரே மண்ணிலிருந்து மூன்று தடவை ஜனங்களைக் கிளப்பியிருக்கிறார்கள். 1942-ல் முகாமுக்கு ஆளில்லாத விசாலமான இடம் சுலபமாகக் கிடைத்தது எப்படி? நகரம் முன்பே காலி செய்து வைத்திருந்தது.

இனி சுண்டல் கேட்டதற்கு. பள்ளத்தாக்கின் அடித்தரையில் பெரும்பகுதி இன்றும் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குச் சொந்தம். அதனால் சின்ன ஊர்களைத் தாண்டினால் குடியிருப்பு இல்லை, மால் இல்லை, விளம்பரப் பலகை இல்லை. நூறு மைலுக்கு வெறும் மலையும் புல்லும். அந்த அழகு தனியாக, இந்தக் கதை தனியாக இல்லை. அம்மாவுக்கு மலையைக் காட்டலாம், எதற்காக இவ்வளவு காலியாக இருக்கிறது என்று அப்பா கட்டாயம் கேட்பார்.

சுண்டல் · ஆகஸ்ட் 6, இரவு 8.10

நீங்கள் எழுதியது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் மாமியாரை அங்கே கூட்டிப்போனால் அன்று இரவு எனக்குச் சோறு கிடையாது.

பேரப்பிள்ளைக்காரர் · ஆகஸ்ட் 7, காலை 5.50

இந்த மன்றத்தில் வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இப்போது மகள் வீட்டில், செயின்ட் லூயிஸில் இருக்கிறேன். நீங்கள் எல்லாம் பேசிக்கொண்டிருக்கும் அந்த "வயதானவர்களில்" நானும் ஒருவன். அதனால் ஒரு வார்த்தை.

பிள்ளைகளே, எங்களை அதிகம் நடக்க வைக்காதீர்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கழிப்பறை இருக்கிறதா என்று பாருங்கள், வெந்நீர் பிளாஸ்க் வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி எங்களுக்கு எது தாங்கும் எது தாங்காது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். நாங்கள் பார்க்காத கஷ்டமா?

போன வாரம் மருமகன் என்னைக் காஹோக்கியா கூட்டிப்போனார். ஊருக்கு வெளியே, ஆற்றைத் தாண்டி இல்லினாயில். பெரிய மண்மேடு, நூறு அடி உயரம். இயற்கை மேடு என்றே நினைத்தேன். கூடை கூடையாக மண் சுமந்து கொட்டியது என்றார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் பத்தாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த பட்டணமாம். 1982-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். நான் போன அன்று பத்துப் பேர் இருந்தால் அதிகம். உள்ளூர்க்காரர்கள் படியில் ஏறி இறங்கி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள்! மேலே நின்றால் தூரத்தில் செயின்ட் லூயிஸின் அந்த எஃகு வளைவு தெரிகிறது. அதைப் பார்க்கத்தான் எல்லோரும் டிக்கெட் வாங்கி நிற்கிறார்கள். செயின்ட் லூயிஸிலேயே இப்படிப் பல மேடுகள் இருந்தனவாம், பெரியதை 1869-ல் வெட்டி எடுத்து ரயில் பாதைக்கு மண்ணாகக் கொட்டிவிட்டார்கள்.

பாதசாரி தம்பி, கேணிக்கரை சொல்கிற இடத்துக்கே அப்பாவைக் கூட்டிப்போங்கள். வாத்தியாருக்கு அதுதான் பிடிக்கும்.

ஒத்தையடி · ஆகஸ்ட் 7, காலை 8.00

ஐயா, நீங்கள் அடிக்கடி எழுத வேண்டும்.

பாதசாரி, 395 முடிவானால் சில விஷயங்கள். பாடிக்குக் கடைசி மூன்று மைல் சரளை ரோடு, அங்கே சாப்பாடும் கிடையாது பெட்ரோலும் கிடையாது, போன் எடுக்காது. லீ வைனிங்கில் பெட்ரோல் விலையைப் பார்த்து மயங்காதீர்கள். வாடகைக் கார் என்றால் சரளை ரோட்டுக்கு ஒப்பந்தத்தில் அனுமதி இருக்கிறதா என்று படித்துவிடுங்கள். யாரும் படிப்பதில்லை, நானும் படித்ததில்லை, அதனால்தான் சொல்கிறேன். டியோகா கணவாய் செப்டம்பரில் திறந்திருக்கும்.

மட்டுறுத்துநர் · ஆகஸ்ட் 7, பகல் 1.15

எலெக்ட்ரிக் காரா பெட்ரோல் காரா என்று நடந்த 14 மறுமொழிகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே போய் அடித்துக்கொள்ளவும்.

பாதசாரி · அக்டோபர் 2, இரவு 11.20

மன்னிக்கவும், ரொம்ப நாள் ஆகிவிட்டது. போய் வந்தோம். பயணக் கதை.

முதல் நாள் டியோகா வழியாக இறங்கி மாலையில் மோனோ ஏரி. தெற்குக் கரைப் பாதை சமமாக இருந்தது, அம்மா கோபுரங்கள் வரை வந்துவிட்டார். கரையில் கறுப்பாக ஒரு பட்டை. ஜமுக்காளம் விரித்த மாதிரி ஈக்கள். அம்மா முகத்தைச் சுளித்தார். ஆனால் காலை எடுத்து வைத்தால் பட்டை அப்படியே விலகிப் பின்னால் மூடிக்கொள்கிறது, ஒன்றுகூட மேலே உட்காரவில்லை. "நம்ம வீட்டு ஈயைவிட மரியாதை தெரிஞ்சது" என்றார். சாலையோரம் ஒரு பலகை, இன்ன வருடம் தண்ணீர் இதுவரை இருந்தது என்று. அப்பா பலகையிலிருந்து தண்ணீர் வரை காலடி எண்ணி நடந்தார். அவர் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு வெள்ளைக்காரக் குழந்தையும் கூடவே எண்ணியது.

இரண்டாம் நாள் பாடி. ஒத்தையடி, நீங்கள் சொன்னதை நான் படிக்கவில்லை. வாடகைக் கார், சரளை ரோடு, பஞ்சர். டிக்கியைத் திறந்தால் ஸ்பேர் டயரே இல்லை. ஒரு பசைப் புட்டியும் குட்டிப் பம்பும். ஓட்டை பக்கவாட்டில், பசை நிற்கவில்லை. போன் எடுக்கவில்லை. பூங்கா ஆட்களிடம் போய்ச் சொல்லி, இழுவை வண்டி வர நான்கு மணி நேரம். பிற்பாடு வாடகைக் கம்பெனியில் சரளை ரோடு என்றதும் இழுவைக் கூலி முழுக்க என் தலையில் கட்டிவிட்டார்கள். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான்.

ஆனால் அந்த நான்கு மணி நேரம்தான் அம்மாவுக்கு இந்தப் பயணத்திலேயே பிடித்தது. ஊரில் ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்தார். உள்ளே போக விடுவதில்லை பெரும்பாலும், கண்ணாடி வழியாகத்தான். ஒரு அடுப்படி: இரும்பு அடுப்பு, மேலே கெட்டில், மேசையில் தட்டுகள், சுவரில் காகிதம் உரிந்து தொங்குகிறது, எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரிப் புழுதி. "சாமானை எல்லாம் போட்டுட்டு எப்படிம்மா போனாங்க?" என்று என்னைக் கேட்டார். அங்கிருந்த பூங்காக்காரர் சொன்னார், தங்கம் தீர்ந்த ஊரிலிருந்து மேசை நாற்காலியை ஏற்றிப்போகிற கூலி அதன் விலையைவிட அதிகம் என்று. அம்மா கொஞ்ச நேரம் அந்தக் கெட்டிலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கெட்டிலையாவது எடுத்திருக்கலாம்" என்றார். அருங்காட்சியகத்தில் கடிதங்கள் இருக்கின்றன. இங்கிருந்து ஆணியும் கண்ணாடித்துண்டும் திருடிப்போனவர்கள், அதற்குப் பிறகு வீட்டில் ஒன்றும் விளங்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பியவை. அதைப் படித்ததிலிருந்து செருப்பில் ஒட்டின கல்லைக்கூடத் தட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

பைன் மரங்களை ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டோம். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே மரங்கள் இருந்ததால் நஷ்டமில்லை.

நான்காம் நாள் மான்ஸனார். சுண்டல் சொன்னது மனதில் இருந்ததால் அம்மாவிடம் "வேண்டாம்னா கார்லயே இருங்க" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே மேலிருந்து தொங்கும் பெரிய துணியில் பத்தாயிரம் பேருக்கு மேல் பெயர்கள். அப்பா பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி விரலை ஓட்டி வாசித்துக்கொண்டே போனார். வெளியே கொட்டகைகளைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். பெண்கள் கழிப்பிடமும் ஒன்று: வரிசையாகப் பீங்கான் தொட்டிகள், முதுகோடு முதுகாக, நடுவில் தடுப்பே இல்லை. அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து மறைத்துக்கொண்டு போவார்களாம், நடுராத்திரியில் வருவார்களாம். அதன் பிறகு லோன் பைன் வரை அம்மா ஒன்றும் பேசவில்லை. அறைக்கு வந்ததும், "பொம்பளைங்களை வேற என்ன வேணா பண்ணியிருக்கலாம்டா" என்று மட்டும் சொன்னார்.

அப்பா வேறு இடத்தில் நின்றார். முகாமுக்குள்ளேயே பழைய பேரிக்காய் மரங்கள் இன்னும் இருக்கின்றன, அந்தத் தோப்புக்காரர்கள் வைத்தவை. தண்ணீர் போய், ஆட்கள் போய், கவனிப்பில்லாமல் கிடந்த மரங்களுக்கு முகாமில் அடைபட்டவர்கள் கவாத்து செய்து தண்ணீர் ஊற்றிக் காய் பறித்திருக்கிறார்கள். கீழே விழுந்திருந்த ஒரு காயை எடுத்தார். ஒரு பக்கம் குளவி தின்றிருந்தது. மோந்து பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்தார்.

அன்று மாலை கால்வாயைப் பார்க்க வேண்டும் என்றார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். சத்தமே இல்லாமல் வேகமாக ஓடுகிறது. நான் லாஸ் ஏஞ்சலஸ்காரர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னேன். அப்பா திரும்பி, "உங்க வீட்டுக் குழாயில் தண்ணி எங்கேயிருந்து வருது?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. எட்டு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன்.

அறைக்கு வந்து தேடினேன். மில்பிடாஸில் எங்கள் பகுதிக்கு வருவது ஹெட்ச் ஹெட்சி தண்ணீர். யோசெமிட்டி பூங்காவுக்குள்ளேயே ஒரு பள்ளத்தாக்கு. சான் பிரான்சிஸ்கோவுக்காக அணை கட்டி மூழ்கடித்தது. அனுமதிச் சட்டம் 1913 டிசம்பர்; முல்ஹாலண்ட் மதகைத் திறந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. இயற்கையைக் காக்க எழுதிவந்த ஜான் மியூர் எதிர்த்துப் போராடித் தோற்று, அடுத்த வருடம் இறந்தார். யோசெமிட்டிக்கு மூன்று தடவை போயிருக்கிறேன், அந்தப் பக்கம் திரும்பினதே இல்லை.

போன சனிக்கிழமை அங்கேயே போனோம். அணை மேல் நடக்கலாம், சமதளம், எதிரே அருவி விழுகிற கருங்கல் மலை. யோசெமிட்டியில் கார் நிறுத்த இடம் தேடி அலைந்த அதே சனிக்கிழமைகளில் இங்கே இத்தனை காலி! வடிகட்டாமலே குழாய்க்கு வருகிற தண்ணீர் என்பதால் யாரும் இறங்கிக் குளிக்கக் கூடாது. அப்பா கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு ரொம்ப நேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் புளியோதரை. அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்துவிட்டு அப்பாவிடம் நீட்டினார். "இதே தண்ணிதான்" என்றார்.

கேணிக்கரை · அக்டோபர் 3, காலை 6.00

தம்பி, ஹெட்ச் ஹெட்சியை நானும் இதுவரை பார்த்ததில்லை. இத்தனை நாள் மற்றவர் தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

சுண்டல் · அக்டோபர் 3, காலை 10.30

சரி, ஒத்துக்கொள்கிறேன். நவம்பரில் மாமனார் மாமியார் வருகிறார்கள். பாடி மட்டும் போகலாம் என்று பார்க்கிறேன். டியோகா திறந்திருக்குமா?

ஒத்தையடி · அக்டோபர் 3, பகல் 11.05

நவம்பரில் அநேகமாகப் பனியில் மூடியிருக்கும். பாடி ரோடும் சந்தேகம்தான். தெஹாச்சபி வழியாகச் சுற்றிக்கொண்டு தெற்கிலிருந்து வாருங்கள். அப்படி வந்தால் முதலில் வருவது மான்ஸனார்தான், என்ன செய்வது. ஸ்பேர் டயர் இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.